ஃபைப்ரிலின்-1: நூலும் அதான், பூட்டும் அதான்

உயரமா, ஒல்லியா, விரல் நீளநீளமா யாராவது கண்ணுல பட்டா போதும், "மார்ஃபானா இருக்குமோ"ன்னு ஒரு பேச்சு கிளம்பிடும். மார்ஃபான்ங்கறது கனெக்டிவ் டிஷ்யூவ, அதாவது உடம்போட பாகங்கள தாங்கி இணைச்சு வைக்கிற திசுவ, பாதிக்கிற ஒரு ஜீன் நோய். ஆபிரகாம் லிங்கனுக்கே அது இருந்துச்சுன்னு அடிச்சு சொல்றவங்க இருக்காங்க. இத்தனைக்கும் அவருக்கு அதுக்கான எந்த டெஸ்ட்டும் எடுத்தது கிடையாது, கை கால் நீளத்த வச்சு பின்னாடி வந்தவங்க போட்ட கணக்குதான் அது. இன்னொரு பக்கம் "கனெக்டிவ் டிஷ்யூ கொஞ்சம் வீக், அவ்ளோதான், கொலாஜன் பவுடர் எடுத்தா சரியாயிடும்"னு ஒரு அட்வைஸ் வரும். ரெண்டுமே தப்பு, ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். உடம்புல செல்லுக்கு வெளிய இருக்கறத நாம மெத்தைக்குள்ள அடைச்ச பஞ்சு மாதிரி நினைச்சுக்கறோம், ஏதோ இடத்த அடைக்குது, வேற வேலை இல்லன்னு. அந்தப் பஞ்சுக்குள்ளேர்ந்து ஒரே ஒரு புரோட்டீன உருவி எடுத்து அது என்ன பண்ணுது, அது கெட்டுப்போனா என்ன ஆகுதுன்னு பார்த்தா அந்த நினைப்பு மாறிடும். அந்த புரோட்டீன் பேரு ஃபைப்ரிலின்-1.

## செல்லுக்கு வெளிய என்னதான் இருக்கு

ஸ்கூல்ல செல் படம் வரைஞ்சிருப்போம், வட்டம் போட்டு நடுவுல நியூக்ளியஸ் வச்சு. வட்டத்துக்கு வெளிய வெறும் வெள்ளை பேப்பர். நிஜ உடம்புல அந்த வெள்ளை பேப்பர் இடம் காலியா இல்ல. செல்லுங்களே உள்ள தயாரிச்சு வெளிய தள்ளின நார், வலை, பசை எல்லாம் சேர்ந்து அங்க ஒரு கட்டுமானமே நிக்குது. இதுக்குப் பேருதான் எக்ஸ்ட்ராசெல்லுலர் மேட்ரிக்ஸ். சுருக்கமா மேட்ரிக்ஸ்னே வச்சுக்கலாம்.

எலும்பு கெட்டியா இருக்கறதும், தோலை இழுத்து விட்டா பழையபடி ஒட்டிக்கறதும், ரத்தக்குழாய் உப்பி அடங்குறதும் செல்லால மட்டும் நடக்குற காரியம் இல்ல, பெரும்பாலும் இந்த மேட்ரிக்ஸாலதான். இதுல நிறைய புரோட்டீன் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். கொலாஜன்ங்கறது கயிறு மாதிரி, இழுத்தா நீளாது, பலம் குடுக்கும். எலாஸ்டின்ங்கறது ரப்பர் மாதிரி, இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். இந்த ரெண்டு பேரும் ஊரறிஞ்சவங்க. மூணாவதா ஒருத்தர் ஆரவாரமே இல்லாம உட்கார்ந்திருக்காரு, அவர்தான் நம்ம ஆளு.

கொலாஜன் பவுடர் விஷயத்த இங்கயே முடிச்சிடலாம். ஃபைப்ரிலின் கொலாஜனே கிடையாது, வேற ஜீன், வேற புரோட்டீன். அதுவும் போக, வாய் வழியா போற எந்த புரோட்டீனும் வயித்துல துண்டு துண்டா உடைஞ்சுதான் ரத்தத்துக்குப் போகுது, முழு நாரா நேரா போய் ரத்தக்குழாய்ல ஒட்டிக்காது. அப்படியே ஃபைப்ரிலின் பவுடர்னு ஒண்ணு வித்தாலும் இதே கதைதான்.

## முதல்ல அந்த நூலப் பார்ப்போம்

1986ல லின் சகாய்ங்கற விஞ்ஞானியும் அவங்க டீமும்தான் இந்த புரோட்டீன கண்டுபிடிச்சு ஃபைப்ரிலின்னு பேர் வச்சாங்க. இதத் தயாரிக்கிற குறிப்பு நம்ம 15வது குரோமோசோம்ல இருக்கு, அந்த ஜீனுக்குப் பேரு எஃப்பிஎன்1. ஜீன்னா ஒரு புரோட்டீன எப்படிக் கட்டணும்னு எழுதி வச்ச செய்முறை, அவ்வளவு புரிஞ்சா இந்தக் கட்டுரைக்குப் போதும்.

ஃபைப்ரிலின்-1 நல்ல நீளமான புரோட்டீன், 2,871 அமினோ அமிலம் வரிசையா கோத்தது. அத ஒரு மணிமாலையா கற்பனை பண்ணிக்கோங்க. மாலைல கிட்டத்தட்ட ஒரே அச்சுல வார்த்த சின்னச் சின்ன மணி 47 இருக்கு, அதுல 43 மணி கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். கால்சியம் வந்து உட்கார்ந்தா மணிக்கும் மணிக்கும் நடுவுல இருக்கற மூட்டு விறைப்பா நிக்கும். கால்சியம் இல்லன்னா அந்த இடம் தொளதொளன்னு ஆயிடும், அப்புறம் புரோட்டீன வெட்டுற என்சைம்களுக்கு அந்த இடம் லட்டு மாதிரி. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி நோய் வர்ற இடத்துல திரும்ப வரும்.

ஒத்த ஃபைப்ரிலின் தனியா ஒண்ணும் கிழிக்காது. நிறைய மாலை சேர்ந்து முறுக்கி ஒரு நூலா ஆகும், அதுக்கு மைக்ரோஃபைப்ரில்னு பேரு. தடிமன் 10லேர்ந்து 12 நானோமீட்டர். ஒரு தலைமுடியோட குறுக்களவுல இந்த நூல பக்கத்துல பக்கத்துல அடுக்குனா ஏழெட்டாயிரம் நூல் நிக்கும், அவ்ளோ மெல்லிசு. இப்படி ஒரு நூல் ஜெல்லிமீன் உடம்புலகூட இருக்கு, அதாவது எலும்பே இல்லாத காலத்துலேர்ந்து இயற்கை கைவிடாம வச்சிருக்கற பழைய சரக்கு இது.

இதுவரைக்கும் பார்த்தது இவ்ளோதான்: செல்லுக்கு வெளிய மேட்ரிக்ஸ்னு ஒரு கட்டுமானம், அதுல ஃபைப்ரிலின்-1ங்கற மணிமாலைங்க சேர்ந்து மைக்ரோஃபைப்ரில்ங்கற நூலா ஆகுது, கால்சியம்தான் அந்த மாலைய விறைப்பா வைக்குது.

## வேலை ஒண்ணு: ரப்பருக்குச் சட்டம்

துணில தைக்கிற எலாஸ்டிக் பட்டைய பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? உள்ள ரப்பர் இழை இருக்கும், அத சுத்தி நூல் பின்னியிருக்கும். ரப்பர் மட்டும் தனியா இருந்தா தாறுமாறா இழுபட்டு சீக்கிரம் பிஞ்சிடும், நூல்தான் எவ்ளோ தூரம், எந்தப் பக்கம் இழுபடணும்னு அத கட்டுப்பாட்டுல வைக்குது. பழைய எலாஸ்டிக் எப்படி ஆகும்னு தெரியும்ல, பட்டை பட்டையாத்தான் இருக்கும், ஆனா இழுத்தா திரும்பி வராம தொங்கிடும்.

உடம்புலயும் கிட்டத்தட்ட இதேதான். எலாஸ்டின் சும்மா வந்து தானா ரப்பரா ஆகாது. முதல்ல மைக்ரோஃபைப்ரில் நூல் சட்டம் மாதிரி நிக்கணும், அந்தச் சட்டத்து மேல எலாஸ்டின் படிஞ்சு எலாஸ்டிக் நாரா உருவாகும். இதுல பெரும்பகுதி வேலை நாம வயித்துல இருக்கறப்பவும் சின்ன வயசுலயும் நடந்து முடிஞ்சிடும், பெரியவங்க ஆனப்புறம் உடம்பு புதுசா எலாஸ்டிக் நார் கட்டுறது ரொம்பக் கம்மி. சின்ன வயசுல கட்டினத வச்சுத்தான் ஆயுசு முழுக்க ஓட்டணும்.

எல்லா இடத்துலயும் எலாஸ்டின் கூட இருக்கணும்னும் இல்ல. கண்ணுக்குள்ள லென்ஸ் ஒண்ணு இருக்குல்ல, அத நடுவுல தொங்கவிட்டு சுத்திலும் மெல்லிசான நூலால இழுத்துக் கட்டியிருக்கும், டிராம்போலின் துணிய சுத்தி ஸ்பிரிங் மாட்டின மாதிரி. அந்த நூல் பெரும்பாலும் ஃபைப்ரிலின்தான், அங்க எலாஸ்டின் கிடையாது. அதாவது ஃபைப்ரிலின் எலாஸ்டினுக்கு எடுபிடி மட்டும் இல்ல, தனியாவும் பாரம் தாங்கும்.

ரொம்ப வருஷம் எல்லாரும் இத்தோட நிறுத்திக்கிட்டாங்க. நூல், சட்டம், தாங்குது, முடிஞ்சது. நூல் வீக்கானா உடம்பு தொங்கும், அதான் மார்ஃபான்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒரு கேள்வி மட்டும் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு: நூல் வீக்கானா ரத்தக்குழாய் உப்பும், லென்ஸ் நழுவும், சரி, எலும்பு ஏன் நீளமா வளருது? கயிறு பிஞ்சுபோன கட்டடம் சரியும், உயரமா வளராதே?

## வேலை ரெண்டு: பூட்டி வைக்கிறது

இங்கதான் எனக்கு இந்த புரோட்டீன் மேல மரியாதையே வந்துச்சு. செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்க ரசாயன சிக்னல் அனுப்பும். அதுல ஒண்ணு டிஜிஎஃப் பீட்டா. "வளரு", "நார் தயாரி", "இங்க ரிப்பேர் வேலை ஆரம்பி"ன்னு பல உத்தரவு போடுற சிக்னல் இது. நல்ல சிக்னல்தான், ஆனா எந்நேரமும் கத்திக்கிட்டே இருந்தா நாசம். அதனால உடம்பு இத தயாரிக்கும்போதே ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடித்தான் வெளிய அனுப்புது. பெட்டிய எங்க வைக்கிறது? ஃபைப்ரிலின் நூல்லதான் மாட்டி வைக்குது. தேவைப்படுறப்ப, தேவைப்படுற இடத்துல மட்டும் திறக்கும்.

ஆக ஃபைப்ரிலின் தாங்குற கயிறு மட்டும் இல்ல, குடோன் காவலாளியும் அதுதான். நூல் சரியில்லன்னா பெட்டி சரியா மாட்டாது, நேரம் கெட்ட நேரத்துல திறக்கும், சிக்னல் தேவைக்கு மேல கசியும். எலும்பு ஏன் நீளமா வளருதுங்கற கேள்விக்கும் பதில இந்தப் பக்கம்தான் தேடணும்.

இது வெறும் ஊகம் இல்லன்னு 2003ல ஹால் டயட்ஸ்ங்கற விஞ்ஞானியோட குழு எலியில காட்டினாங்க. ஃபைப்ரிலின் குறைபாடு உள்ள எலிக்குட்டிங்களோட நுரையீரல்ல காத்தறைங்க பெருசு பெருசா இருந்துச்சு, அது பின்னாடி கிழிஞ்சதால வந்தது இல்ல, ஆரம்பத்துலேர்ந்தே சரியா உருவாகல. டிஜிஎஃப் பீட்டாவ மடக்குற ஆன்டிபாடி குடுத்தப்போ நுரையீரல் நல்லபடியா உருவாச்சு. வெறும் கயிறு பிரச்சனைன்னா சிக்னல மடக்கினதுக்கு இது சரியாகியிருக்கக் கூடாது. இன்னொரு சாட்சி 2005ல வந்துச்சு. ஃபைப்ரிலின் நல்லாவே இருக்கு, ஆனா டிஜிஎஃப் பீட்டா சிக்னல வாங்குற ரிசெப்டார்ல கோளாறு, அப்படிப்பட்டவங்களுக்கு மார்ஃபான் மாதிரியே பெரிய ரத்தக்குழாய் உப்புது. அத லோயிஸ்-டயட்ஸ் சிண்ட்ரோம்னு தனி நோயா பேர் வச்சாங்க.

சுருக்கமா: ஃபைப்ரிலின்-1க்கு ரெண்டு வேலை. ஒண்ணு தாங்குறது, இன்னொண்ணு வளர்ச்சி சிக்னல பூட்டி வைக்கிறது. நோய்ல ரெண்டுமே கெடுது.

## ஜீன்ல ஒரு எழுத்து தப்பானா

எஃப்பிஎன்1 ஜீன் நம்மகிட்ட ரெண்டு காப்பி இருக்கு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு. ஜீன்ல எழுத்துப்பிழை வர்றத மியூட்டேஷன்னு சொல்றோம். 1991ல மார்ஃபான் உள்ளவங்ககிட்ட எஃப்பிஎன்1ல மியூட்டேஷன் இருக்கறத டயட்ஸும் கூட வேலை செஞ்சவங்களும் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் இதுவரைக்கும் ஆயிரக்கணக்குல வேற வேற எழுத்துப்பிழைங்க பதிவாகியிருக்கு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவங்கவங்க சொந்தப் பிழைன்னே சொல்லலாம்.

ஒரு காப்பிதானே கெட்டுச்சு, இன்னொண்ணு நல்லா இருக்கே, அது போதாதான்னு தோணும். நிறைய ஜீனுக்கு போதும், இதுக்குப் போதாது. சில பிழைங்க அந்தக் காப்பியையே வாயடைக்க வச்சிடும், அப்போ நூல் தயாரிப்பு பாதியா குறையும். சில பிழைங்க புரோட்டீன தயாரிக்கும் ஆனா கோணலா தயாரிக்கும், அந்தக் கோணல் மாலை நல்ல மாலைங்களோட சேர்ந்தே முறுக்கிக்கிட்டு நூல் மொத்தத்தையும் கெடுக்கும். கோணல்னு எத சொல்றேன்னா, முன்ன சொன்ன கால்சியம் பிடிக்கிற மணி ஞாபகம் இருக்கா, நிறைய பிழைங்க அங்கதான் விழுது. ஒரு மணி கால்சியத்த விட்டுட்டா அந்த இடம் தொளதொளன்னு ஆகி என்சைம் வெட்டிடும்.

அதனாலதான் இது குடும்பத்துல அப்பா அம்மா யாராவது ஒருத்தருக்கு இருந்தாலே, பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் வர்றதுக்கு 50 சதவீத வாய்ப்பு, பையனா பொண்ணாங்கற வித்தியாசம் இல்ல. "எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையே"ன்னு சொல்லி ஒதுக்கிடவும் முடியாது, ஏன்னா நாலுல ஒருத்தருக்கு இந்தப் பிழை அவங்ககிட்டதான் புதுசா ஆரம்பிக்குது. மொத்தமா பார்த்தா சுமார் 5,000 பேர்ல ஒருத்தருக்கு மார்ஃபான் இருக்கும்னு கணக்கு.

## உடம்புல எங்கெங்க தெரியும்

கண்ணுக்குத் தெரியறது எல்லாம் சீக்கிரமா சொல்லிடுறேன், ஏன்னா அதப் பத்திதான் எல்லாரும் பேசறாங்க. கை கால் நீளம், விரல் நீளம், கைய விரிச்சா வர்ற நீளம் உயரத்த விட அதிகம், நெஞ்செலும்பு உள்ள குழிஞ்சோ வெளிய துருத்திக்கிட்டோ இருக்கும், முதுகுத்தண்டு வளையும், பாதம் தட்டையா இருக்கும், மூட்டு அதிகமா வளையும். லென்ஸ கட்டின நூல் நைஞ்சு லென்ஸ் நடுவுலேர்ந்து நழுவுறது பாதிக்கு மேல இருக்கறவங்களுக்கு நடக்குது, பெரும்பாலும் மேல் பக்கமா நழுவும். கிட்டப்பார்வை அதிகமா இருக்கும். சிலருக்கு நுரையீரல் திடீர்னு காத்து கசிஞ்சு சுருங்கும்.

இதெல்லாம் தொந்தரவு, ஆனா உயிர எடுக்கறது இதுங்க இல்ல. அது அயோர்டா.

அயோர்டாங்கறது இதயத்துலேர்ந்து கிளம்புற முதல் குழாய், உடம்புலயே பெரிய ரத்தக்குழாய், தமிழ்ல மகாதமனின்னு சொல்லுவாங்க. இதயம் ஒரு நாளைக்கு சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்குது, ஒவ்வொரு தடவையும் ரத்தம் முதல்ல இந்தக் குழாய் சுவத்துலதான் வந்து மோதுது. சுவர் உப்பி அந்த அடிய வாங்கி, திரும்ப சுருங்கி ரத்தத்த முன்னாடி தள்ளுது. இத பண்றது சுவத்துக்குள்ள அடுக்கடுக்கா இருக்கற எலாஸ்டிக் தகடுங்க, அந்தத் தகடுங்களயும் நடுவுல இருக்கற தசை செல்லுங்களயும் இணைக்கிறது ஃபைப்ரிலின் நூல்.

நூல் கெட்டுப்போனா, இதயத்த ஒட்டின அடிப்பகுதி, அயோர்டா ரூட்னு சொல்லுவாங்க, அது வருஷக்கணக்குல மெதுமெதுவா அகலமாகும். பெரும்பாலும் வலி இருக்காது, மூச்சு வாங்காது, ஒரு அறிகுறியும் இருக்காது, இதுதான் பயங்கரம். பலூன் ஊதி பார்த்திருப்போம்ல, பெருசாக பெருசாக ரப்பர் மெல்லிசாகி விறைச்சுக்கிட்டே போகும், அதே மாதிரி குழாய் எவ்ளோ அகலமாகுதோ அவ்ளோ இழுவிசை சுவத்து மேல விழும், அதனால இன்னும் அகலமாகும். கூடவே கசிஞ்ச சிக்னல் சுவத்துல இருக்கற செல்லுங்களோட நடத்தையையும் மாத்தி, அதுங்க சுவத்த பராமரிக்காம அரிக்கிற என்சைம தயாரிக்க ஆரம்பிச்சிடும். அடிய தாங்க வேண்டியதே அடிய வாங்கி வாங்கி நைஞ்சுபோகுது.

ஒரு கட்டத்துல உள் அடுக்கு கிழியும். ரத்தம் அந்தக் கிழிசல் வழியா சுவத்தோட அடுக்குங்களுக்கு நடுவுல பூந்து, பிளைவுட் பலகைய பிரிக்கற மாதிரி பிரிச்சுக்கிட்டே போகும். இதுக்கு டிஸெக்‌ஷன்னு பேரு. நெஞ்சுலயோ முதுகுலயோ கிழிக்கிற மாதிரி திடீர் வலி வரும், அது அவசரம், மணிக்கணக்குல உயிர் போகலாம்.

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கின டீம்ல ஆடினவங்க. 1986 ஜனவரியில ஜப்பான்ல ஒரு மேட்ச் நடக்கும்போது பெஞ்சுல உட்கார்ந்திருந்தவங்க அப்படியே சரிஞ்சு விழுந்து இறந்துட்டாங்க, வயசு 31. மார்ஃபானால அயோர்டா கிழிஞ்சதுதான் காரணம்னு பிரேதப் பரிசோதனைல தெரிஞ்சுது. உயரமும் நீளமான கையும் அந்த விளையாட்டுக்கு வரமா இருந்த உடம்பு, யாருக்கும் சந்தேகமே வரல.

இந்தப் பகுதில ஒண்ணு மட்டும் பிடிச்சுக்கோங்க: விரல் நீளம் கண்ணுக்குத் தெரியும், அயோர்டா தெரியாது. ஆபத்து தெரியாத இடத்துலதான்.

## அதே ஜீன், குட்டையான ஆளுங்க

"ஃபைப்ரிலின் கெட்டா உயரமாவாங்க"ன்னு இப்போ மனசுல பதிஞ்சிருக்கும், அத கொஞ்சம் கலைக்கணும். இதே எஃப்பிஎன்1 ஜீன்ல வேற சில குறிப்பிட்ட இடத்துல பிழை விழுந்தா ஆளு குட்டையா, விரல் கட்டையா, மூட்டு வளையாம விறைப்பா, தோல் தடிமனா இருப்பாங்க. வைல்-மார்க்கெசானி சிண்ட்ரோம், ஜீலியோஃபிசிக் டிஸ்ப்ளேசியா இதெல்லாம் இந்த வகை. ஒரே ஜீன், மார்ஃபானுக்கு நேர் எதிர் உருவம்!

வெறும் "வீக்கான கயிறு" கதைய வச்சு இத விளக்கவே முடியாது. நூல்ல எந்த இடத்துல எந்த சிக்னல் பெட்டி, எந்த செல் வந்து பிடிச்சுக்குதுங்கறது முக்கியம், பிழை எங்க விழுதுங்கறதப் பொறுத்து ஒரு பக்கமோ எதிர்ப்பக்கமோ சாயுது. ஒவ்வொரு திருப்பமும் எப்படி நடக்குதுன்னு ஆராய்ச்சி இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இன்னொரு கூத்தும் இருக்கு. ஃபைப்ரிலின் தயாராகும்போது முதல்ல கொஞ்சம் கூடுதல் நீளமா தயாராகும், அப்புறம் வால் பகுதிய வெட்டி விட்டுடும். தையல்ல வெட்டிப்போடுற துண்டு மாதிரின்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. 2016ல பார்த்தா அந்த 140 அமினோ அமில வால் துண்டு ரத்தத்துல சுத்திக்கிட்டு கல்லீரல குளுக்கோஸ் வெளிவிடச் சொல்ற ஹார்மோனா வேலை பார்க்குது! அதுக்கு அஸ்ப்ரோசின்னு பேர். அந்த வால் இருக்கற இடத்துல பிழை உள்ளவங்க தோலுக்கடில கொழுப்பே இல்லாம ரொம்ப ஒல்லியா இருப்பாங்க, அவங்கள ஆராயப் போய்தான் இது கிடைச்சுது.

## அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது

கட்டை விரலயும் சுண்டு விரலயும் வச்சு இன்னொரு மணிக்கட்ட சுத்திப் பிடிச்சா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதா, கட்டை விரல மடக்கி கைய மூடினா நகம் மறுபக்கம் எட்டிப் பாக்குதா, இந்த மாதிரி வீட்லயே பண்ற சோதனை ரெண்டு பிரபலம். டாக்டர்ங்களும் இத பாக்கறாங்கதான், ஆனா அது பாயிண்ட் போடுறதுல ஒரு சின்னப் பங்கு, அத வச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டாங்க. நார்மலா இருக்கற நிறைய பேருக்கும் இது வரும், உங்களுக்கு வந்துச்சுன்னு ராத்திரி தூக்கத்த கெடுத்துக்காதீங்க.

இப்போ பயன்படுத்துற முறைக்கு கெண்ட் அளவுகோல்னு பேரு, 2010ல திருத்தினது. அதுல ரெண்டு விஷயத்துக்கு பெரிய எடை: எக்கோ ஸ்கேன்ல அயோர்டா ரூட் அகலமா இருக்கா, கண் டாக்டர் கண் பாப்பாவ விரிச்சுப் பார்த்தா லென்ஸ் நழுவியிருக்கா. அதுக்கப்புறம் குடும்ப வரலாறு, ஜீன் டெஸ்ட், எலும்பு தோல் அறிகுறிங்களுக்கான பாயிண்ட் எல்லாம் சேரும். உயரம்ங்கறது தனியா ஒரு பாயிண்ட்டே கிடையாது, கை நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தத்தான் பாக்கறாங்க.

ஜீன் டெஸ்ட் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடுமேன்னு கேக்கலாம். உதவும், முக்கியமா குடும்பத்துல ஒருத்தரோட பிழை என்னன்னு தெரிஞ்சா மத்தவங்களுக்கு இருக்கா இல்லையான்னு சொல்லிடலாம். ஆனா ஒரே வீட்ல ஒரே பிழை உள்ள ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு 25 வயசுல அயோர்டா ஆபரேஷன் தேவைப்படும், இன்னொருத்தர் 60 வயசுல கண்ணாடி மட்டும் போட்டுக்கிட்டு திரிவாரு. ஜீன் ரிப்போர்ட் ஜோசியம் சொல்லாது.

## மருந்து, ஆபரேஷன், ஒரு ஏமாற்றம்

கெட்ட நூல எடுத்துட்டு நல்ல நூல் வைக்கிற வைத்தியம் இன்னிக்கு கிடையாது. செய்யறது எல்லாம் அயோர்டாவ காப்பாத்துறதுதான். பீட்டா பிளாக்கர்ங்கற மாத்திரை இதயத்துடிப்போட வேகத்தயும் அடியோட பலத்தயும் குறைக்கும், சுவத்து மேல விழுற மோதல் குறையும். இது பழைய கயிறு லாஜிக்குக்கே பொருந்துற வைத்தியம்.

பூட்டு விஷயம் தெரிஞ்சப்புறம் ஒரு பெரிய நம்பிக்கை வந்துச்சு. லோசார்டான்னு ஒரு சாதாரண பிரஷர் மாத்திரை, அது டிஜிஎஃப் பீட்டாவயும் அடக்கும்னு தெரியவர, 2006ல டயட்ஸ் குழு மார்ஃபான் எலிங்களுக்குக் குடுத்தாங்க, அயோர்டா உப்புறது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. எல்லாரும் துள்ளிக் குதிச்சாங்க. ஆனா எலி வேற, மனுஷன் வேற. 608 குழந்தைங்க, இளைஞர்கள வச்சு லோசார்டானயும் அட்டெனலால்ங்கற பீட்டா பிளாக்கரயும் மூணு வருஷம் ஒப்பிட்டு 2014ல ரிசல்ட் வந்தப்போ ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஏமாற்றம்தான். அடுத்த வருஷம் வந்த ஒரு எலி ஆராய்ச்சி இன்னும் குழப்புச்சு: டிஜிஎஃப் பீட்டாவ ரொம்பச் சின்ன வயசுலயே அடக்கினா நோய் மோசமாகுது, பின்னாடி அடக்கினாதான் நல்லது. அதாவது சிக்னல் வில்லன் இல்ல, நேரம்தான் பிரச்சனை.

அதோட கதை முடியல. 2022ல பல ட்ரையல்ங்களோட டேட்டாவ ஒண்ணா சேர்த்து பார்த்தப்போ லோசார்டான் வகை மருந்துங்க அயோர்டா ரூட் அகலமாகுற வேகத்த பாதியா குறைக்குதுன்னு தெரிஞ்சுது, பீட்டா பிளாக்கர் ஏற்கெனவே எடுக்கறவங்களுக்கும் கூடுதலா பலன் இருந்துச்சு. ஆக "அற்புத மருந்து"ன்னு 2006ல சொன்னதும் மிகை, "வேஸ்ட்"னு 2014ல சொன்னதும் மிகை.

ஆனா ஆயுச உண்மையிலேயே நீட்டினது கத்திதான். 1972ல வந்த ஒரு ஆய்வுல மார்ஃபான் உள்ளவங்க சராசரியா 32 வயசுல இறந்தாங்க. இன்னிக்கு ஒழுங்கா கண்காணிப்புல இருந்தா 70 தாண்டி வாழறாங்க. எக்கோல வருஷா வருஷம் அளந்துக்கிட்டே வந்து, அயோர்டா ரூட் 50 மில்லிமீட்டர் வந்தா (குடும்பத்துல டிஸெக்‌ஷன் வந்திருந்தாலோ வேகமா அகலமானாலோ அதுக்கு முன்னாடியே) கிழியறதுக்குள்ள அந்தப் பகுதிய வெட்டிட்டு செயற்கைக் குழாய் வச்சிடுவாங்க. கிழிஞ்சப்புறம் ஓடிப்போய் பண்ற ஆபரேஷனுக்கும் இதுக்கும் ஆபத்துல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆரம்ப கால முறைல அங்க இருக்கற இதய வால்வையும் சேர்த்து மாத்திடுவாங்க, மெட்டல் வால்வுன்னா ரத்தம் உறையாம இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. இப்போ முடிஞ்சவரைக்கும் சொந்த வால்வ வச்சுக்கிட்டே குழாய மட்டும் மாத்துற முறையும் இருக்கு.

அன்றாட வாழ்க்கைல பார்த்தா மூச்சப் பிடிச்சு வெயிட் தூக்குறது, மோதல் உள்ள விளையாட்டு, இதெல்லாம் தவிர்க்கச் சொல்லுவாங்க, நடக்கறது, மெதுவா சைக்கிள் ஓட்டுறது மாதிரி லேசான பயிற்சி நல்லது, சும்மா படுத்தே கிடக்கணும்னு அர்த்தம் இல்ல. கர்ப்பம் தரிக்க நினைக்கறவங்க அதுக்கு முன்னாடியே இதய டாக்டர பார்த்து அயோர்டா அளவ தெரிஞ்சுக்கணும், கர்ப்ப காலத்துல ரத்த அளவு கூடுறதால குழாய்க்கு கூடுதல் பாரம். அப்புறம் அதிகம் பேர் கவனிக்காத ஒண்ணு, சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் மாதிரி ஃப்ளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக். அயோர்டா பிரச்சனை உள்ளவங்களுக்கும் மார்ஃபான் மாதிரி நோய் உள்ளவங்களுக்கும் வேற வழி இல்லன்னாதான் இத குடுக்கணும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பர்ல எச்சரிக்கை விட்டுச்சு. சாதாரண இன்ஃபெக்‌ஷனுக்குப் போனாலும் "எனக்கு மார்ஃபான் இருக்கு"ன்னு முதல் வாக்கியமா சொல்லணும்ங்கறது இதனாலதான்.

## பேர் வந்த கதை

பேர் மட்டும் பாக்கி. 1896ல பாரிஸ்ல அந்துவான் மார்ஃபான்ங்கற குழந்தை மருத்துவர் அஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ண பத்தி எழுதினாரு, கை கால் விரல் எல்லாம் சிலந்திக்கால் மாதிரி நீளம்னு. அதுலேர்ந்துதான் நோய்க்கு அவர் பேரு. பின்னாடி அந்தக் குறிப்புங்கள படிச்ச நிபுணர்கள் பலர், அந்தப் பொண்ணுக்கு இருந்தது மார்ஃபானே இல்ல, விரல் மூட்டு மடங்கியே இருக்கற வேற ஒரு நோயா இருக்கலாம்னு சொல்றாங்க. அந்த நோய் வர்றது எஃப்பிஎன்1க்கு சொந்தக்கார ஜீன், எஃப்பிஎன்2 கெட்டா. அது தயாரிக்கிற புரோட்டீன் பேரு ஃபைப்ரிலின்-2.